சுரண்டாத முனை

ஊருணித் தெருவுக்கு அழுகை வந்தது ஒரு புதன்கிழமை காலையில், பால்காரர் வந்துபோன கையோடு. குழாயடியில் நின்ற பெண்கள் நிறைந்த குடத்தை எடுக்காமல் அழுதார்கள், டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் பேப்பரை மடக்காமல் அழுதார்கள், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து அழுதார்கள், சுவர்ச் சண்டையில் பேச்சுவார்த்தை விட்டுப்போன அண்ணனும் தம்பியும் அவரவர் வாசலில் நின்று ஒரே மாதிரி மூக்கை உறிஞ்சினார்கள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இது என்ன அதிசயம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. வரவேண்டிய தண்ணீர் லாரி கொஞ்சம் தாமதமாக வந்தால் தெரு எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. யாருடைய அழுகை என்பதிலும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அழவேண்டியிருந்தும் அழாமல் இருந்தவள் அந்தத் தெருவில் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் பெயர் சங்கரவடிவு. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து, வயது வருவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். அவள் கணவர் பரமகுரு தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வடிவு, அப்பளம் இருக்கா?" என்று கேட்டார். அவள் எண்ணெயைக் காயவைத்து, ரெண்டு அப்பளத்தைப் பொரித்து எடுத்து வருவதற்குள் போய்விட்டார். சாய்ந்து கிடந்த மனுஷருடைய தட்டில் அப்பளத்தை வைத்துவிட்டு, அது நமுத்துப்போகிற வரைக்கும் வடிவு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு உலகம்மாள்தான் வந்து பார்த்துக் கூச்சல் போட்டு ஆளைக் கூட்டினாள்.

துட்டி கேட்க வந்த பெண்கள் முறைப்படி வாசலிலேயே முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓலமிட்டபடி உள்ளே வந்தார்கள், ஒவ்வொருத்தியாக வடிவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், ஒருத்தி நனைத்த தோளை இன்னொருத்தி வந்து நனைத்தாள். கட்டிக்கொண்டு அழுகிறவளுக்குத் திருப்பி அழ ஆள் வேண்டும், இல்லையென்றால் நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் அவளும் திண்டாடிப்போவாள். வடிவு அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், "காபி குடிச்சியளா?" என்று கேட்டாள். "கல்லுல்லா உக்காந்திருக்கு" என்று அடுப்படியில் பேச்சு கிளம்பியது, "அழுத்தக்காரி" என்று ஒருத்தி சொன்னது கூடத்துக்கே கேட்டது. கேட்டதற்காக அவளுக்குக் கோபமும் வரவில்லை. பல்லைப் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொட்டுப் பார்க்கிற மாதிரி அவள் தன்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கூட வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு பாட்டம் அழவேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது மட்டும் வருவேனா என்றது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் வடிவு டிரான்ஸ்பார்மர் சுற்ற உட்கார்ந்தாள். டிரான்ஸ்பார்மர் என்றால் தெருவுக்குத் தெரிந்தது முக்கில் உறுமிக்கொண்டு நிற்கிற ஒன்றுதான். இவளுடையது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வடிவு லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரி. காலையில் காபியைக் குடித்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தால் ஊட்டியில் ஒருவர், விசாகப்பட்டினத்தில் ஒருவர், கப்பலில் போகிற ஒருவர் என்று முகம் தெரியாத சிநேகிதர்கள் குரலைக் கொடுப்பார்கள். பழைய ஆன்டெனா ஆடிக் காற்றில் முறிந்து கிடந்தது. மாடியிலிருந்து தெருவுக்கு மேலாக எதிர்வரிசைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நுனியிலேயே ரேடியோவைக் கோத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் ரேடியோ ஒரு மாதிரி, கம்பியின் நுனி ஒரு மாதிரி. ஒன்றுக்குத் தடை குறைவு, மற்றதற்குத் தடை மலைபோல, நேராகச் சேர்த்தால் அனுப்பினதெல்லாம் முட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும். ரெண்டுக்கும் நடுவே பேச்சை முடித்துவைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள்தான் டிரான்ஸ்பார்மர்.

உளுந்தவடை அளவில் கறுப்பாக ஒரு ஃபெரைட் வளையம், இரும்புத் துகளை மண்பாண்டம்போலச் சுட்டு எடுத்தது. அதன் ஓட்டைக்குள் செப்புக் கம்பியை விட்டு எடுத்து விட்டு எடுத்து, ரேடியோவுக்கென்று ஒரு சின்னச் சுற்று, ஆன்டெனாவுக்கென்று ஒரு பெரிய சுற்று. ரெண்டு சுற்றும் ஒன்றையொன்று தொடாது, ஆனாலும் இதில் ஓடுவது வளையத்தின் வழியாக அதில் போய் ஓடும். கம்பி மடிந்து முறுக்கிக்கொள்ளாமல் இருக்க மறுநுனியை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும், அது பரமகுருவின் வேலையாக இருந்தது. இந்தத் தடவை அவள் மறுநுனியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுச் சுற்றினாள். சுற்றி முடித்து, முனைகளுக்கு ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து, ஒரு சோப்பு டப்பாவுக்குள் பூட்டி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாடிச் சுவரில் மாட்டினாள். பெரிய சுற்றின் ஒரு முனை தெருவுக்கு மேலே போகும் கம்பிக்கு, மறுமுனை புறவாசல் மண்ணில் அறைந்த கடப்பாறைக்கு.

புதன்கிழமை காலையில் அவள் பழக்கத்தில் ரெண்டு டம்ளரில் காபியை ஆற்றினாள். ரெண்டாவது டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது வரும் என்று நின்றாள், ஒன்றும் வரவில்லை. அவரு டம்ளர்தானே, குடித்துவிடலாம் என்று தானே எடுத்துக் குடித்தாள், வாசலில் தெரு மொத்தமும் அழுதுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அது வாடிக்கையாகிப்போனது. வடிவின் கையில் அவருடைய மூக்குக்கண்ணாடி தட்டுப்பட்டால் தெரு அழும், அவருக்குப் பிடித்த சீனியவரைக்காய் காய்கறி வண்டியில் வந்தால் தெரு அழும், கம்பெனிச் சங்கு ஊதினால் அழுதுவிட்டுத்தான் அடுத்த வேலை. அழுகையை வைத்தே அவள் எதைத் தொட்டாள் என்று சொல்கிற அளவுக்குப் பெண்கள் தேறிவிட்டார்கள். "இது சட்டை பாத்துக்கோ, விக்கி விக்கி வருது" என்பாள் ஒருத்தி. "இல்லட்டி, செருப்பு. செருப்புக்குத்தான் இப்படி அடிவயித்தப் பிடிக்கும்" என்பாள் இன்னொருத்தி. வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் கண்ணீர் விழுந்து அட்டை ஊறிவிடாமல் மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டார்கள். சவரக்கடையில் கத்தியைக் கன்னத்தில் வைப்பதற்கு முன்னால் வடிவின் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் அழுகை விட்டதும் குடிப்பதற்கென்று இஞ்சியைக் கூடுதலாகத் தட்டிப் போட்டு ஒரு டீ போட்டார், அதைக் குடிப்பதற்கென்றே அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

தெரு நலச் சங்கச் செயலாளர் வெயிலுமுத்து மட்டும் சங்கடத்தோடு வடிவின் வீட்டுப் படியேறினார். மனுஷருக்கு எதையும் முறைப்படி செய்யவேண்டும்.

"மதினி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. நாளைக்கு எங்க வீட்டுல பிள்ளையப் பொண்ணு பாக்க வாராவ. பத்து மணியிலருந்து ஒரு பன்னெண்டு மணி வரைக்கும் அண்ணாச்சி சாமான் எதையும் தொடாம இருந்தியள்னா நல்லாருக்கும்."

"அதுக்கென்ன, நான் பாட்டுக்கு அரிசி பொடைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் வடிவு.

சொன்னபடியே அரிசிதான் புடைத்தாள். ஆனால் அரிசியில் கிடந்த கல்லைப் பார்த்ததும், சோற்றில் கல் கடிபட்டால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நாடகம் ஆடுவது ஞாபகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்கள், இவ்வளவு ஈரமுள்ள தெருவில் பெண் எடுப்பது பாக்கியம் என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். வெயிலுமுத்து அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எல்லாருக்கும் பழகிப்போனது, வடிவுக்குத்தான் பழகவில்லை. தன் வீட்டு விசேஷத்தில் தனக்கு மட்டும் இலை போடாத மாதிரி இருந்தது. ஒருநாள் உலகம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"உலகம்மா, நீ அழுதியே, அது எப்படி இருக்கும்?"

உலகம்மாள் முந்தானையைத் திருகினாள். "எப்படின்னா... மொதல்ல தொண்டையில ஒரு நெல்லிக்கா வந்து உக்காருது மதினி. அப்புறம் நெஞ்செலும்பு ரெண்டா விரியுத மாதிரி. அப்புறம் அண்ணாச்சி."

"அண்ணாச்சின்னா?"

"சொன்னா வையக் கூடாது. கை கழுவிட்டு வந்து, துண்டு பக்கத்துல இருந்தாலும் எடுக்காம, ஈரக் கைய எம் முதுகுல தொடைக்காவ. சேலை ஒட்டுது மதினி. எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. நானும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணாத்தான் அழுதோம், அவுகளுக்கும் முதுகு நனைஞ்சிருக்கு, வெளிய சொல்லல."

வடிவு கேட்டுக்கொண்டாள். நாலைந்து வீடு ஏறி இறங்கினாள். சவரக்கடைக்காரருக்கு அவர் தூக்கத்தில் போடுகிற காலின் கனம் தெரிந்திருந்தது, பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளைக்கு அவர் வடிவைக் கூப்பிடுகிற செல்லப்பெயர் தெரிந்திருந்தது. தன்னுடைய துக்கத்தை ஊரார் வாயால் கேட்டுக் கேட்டு, கோர்ட்டில் சாட்சி சொல்லக் கேட்பவள்போலத் தலையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பும்போது உள்ளே சின்னதாக ஏதோ நெருடியது, பொறாமையாக இருக்கலாம். நன்றாக இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், அதற்குள் மரத்துவிட்டது.

அந்த நாட்களில்தான் ஆவுடையப்பன் ஆட்டோவைக் கொண்டுவந்து கம்பிக்கு நேர் கீழே நிறுத்த ஆரம்பித்தான். ஸ்டேஷன் பக்கத்து ஆள். ஒருநாள் பூட்டின கேட்டுக்கு வெளியே நின்று, தலைக்குக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே பேசினான்.

"மதினி, உங்களுக்கு என்னைத் தெரியாது. எங்க அம்ம செத்தப்ப நான் மஸ்கட்ல இருந்தேன். ஆஸ்பத்திரியில கெடந்ததும் காரியமும் போன்லதான் பாத்தேன். பாதியில படம் அப்படியே நின்னுபோச்சு. ஊருக்கு வந்தும் அழுக வரல, குடிச்சும் பாத்தாச்சு. இங்கன நின்னு அண்ணாச்சிக்கு அழப் போயி, அதோட சேத்து எங்க அம்மைக்கும் கொஞ்சம் வெளிய வந்துருச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லா அழு தம்பி. உனக்காவது வருதே" என்றாள் வடிவு. சொன்ன பிறகு, தனக்கு வராதது ஏன் என்பதை அன்றைக்குத்தான் ரேடியோக்காரியாக யோசித்தாள். போகவேண்டியது போகவில்லை என்றால் இணைப்பைப் பார்க்கவேண்டும், வேறென்ன.

மறுநாள் காலையில் மாடிக்குப் போய் சோப்பு டப்பாவைத் திறந்து, இணைப்பு இருந்தால் சத்தம் கொடுக்கிற மீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டாள். ரேடியோ பக்கம் சரியாக இருந்தது, தெருக்கம்பி பக்கம் சரியாக இருந்தது. புறவாசல் மண்ணுக்குப் போகும் முனையைத் தொட்டபோது மீட்டர் சத்தம் கொடுக்கவில்லை. தெருப் பக்கம் திறந்து கிடந்தது, அவள் நிற்கிற மண்ணின் பக்கம் அடைத்துக் கிடந்தது. மேலே சால்டர் வெள்ளியாக மின்னியது, குண்டூசி வைத்து நெம்பினதும் பொட்டு உரிகிறதுபோல உரிந்து வந்தது. உள்ளே கம்பியின் எனாமல் அப்படியே இருந்தது. செப்புக் கம்பிக்கு மேலே செம்பு நிறத்திலேயே ஒரு தோல் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, சால்டர் வைப்பதற்கு முன்னால் அதை பிளேடால் சுரண்டி எடுக்கவேண்டும். சுரண்டாமல் வைத்தால் ஒட்டின மாதிரியே இருக்கும், ஒட்டியிருக்காது. புதிதாக வருகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்துவிட்டுப் புலம்பும்போதெல்லாம் வடிவு மைக்கிலேயே அவர்களைக் காய்ச்சி எடுத்திருக்கிறாள்.

அவள் இந்தத் தப்பை எப்படிச் செய்தாள் என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. முனை சுரண்டுகிற வேலையை அவள் ஒருநாளும் செய்ததில்லை. அவள் சுற்றிக்கொண்டு வருவாள், பரமகுரு எதிரே சம்மணம் போட்டு, பாதி பிளேடை விரலில் இடுக்கி, மாங்காய்த் தோல் சீவுகிற மாதிரி ஒவ்வொரு முனையாகச் சீவி, ஊதி, "இந்தா தாயி" என்று நீட்டுவார். இந்தத் தடவை தனியாக உட்கார்ந்து மற்ற முனைகளை ஞாபகமாகச் சுரண்டியவள், கடைசி முனைக்கு வரும்போது வேலையில் ஆழ்ந்துபோய், அவர் சுரண்டிக் கொடுத்துவிட்டார் என்றே கையை நீட்டிச் சால்டர் வைத்திருக்கிறாள்.

அழவேண்டிய இடம் என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது இதுதான் என்று வடிவுக்குத் தெரிந்தது. பிளேடும் கையுமாக அசையாமல் உட்கார்ந்து காத்திருந்தாள். கீழே தெருவில் முதலில் ஒரு பெண்குரல் உடைந்தது, பிறகு ஒவ்வொரு வீடாக, அதுவரைக்கும் கேட்டிராத ஓலமாக எழும்பியது. ஆண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள், வெயிலுமுத்து கரண்டுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். வடிவு மாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். நல்ல அழுகை என்று நினைத்தாள்.

அழுகை ஓய்ந்ததும், டப்பா திறந்து கிடப்பதைப் பார்த்த உலகம்மாள் படியேறி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"அதைச் சரி பண்ணிட்டா எங்களுக்கு வராதா மதினி?"

"எனக்கு வரும்லா."

"வராட்டி என்ன இப்ப? உங்களுக்கும் சேத்துத்தான் நாங்க அழுதோமே. எங்க வீட்டுல அவுக கல்யாணம் ஆனதுலருந்து என் முன்னால கண்ணு கலங்கினதில்ல. இப்பத்தான் ஒரு பாயில உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம். கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"உலகம்மா, அவரு எம் புருஷன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, வீட்டு விலாசம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். வடிவு முனையைச் சுரண்டினாள், செம்பு புதுசாகப் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினாள், ஊதினாள், சால்டர் வைத்தாள். மீட்டர் சத்தம் கொடுத்தது.

தெரு அன்றைக்கே காய்ந்துவிட்டது. தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் துண்டை மடித்து வைத்தார்கள், இஞ்சி டீ விற்காமல் பாய்லரிலேயே கொதித்தது, அண்ணனும் தம்பியும் சுவரை நினைத்து மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வடிவு கதவைச் சாத்திக்கொண்டு, பந்திக்கு உட்காருகிறவள்போல உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்தாள். சட்டையை எடுத்தாள், கண்ணாடியை எடுத்தாள், செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்தாள், தெருவிலும் ஒன்றும் இல்லை. அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, ராத்திரிக்கு வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். பரமகுருவுக்காக ஊரில் ஒருவரும் அழவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை புறவாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது அது உள்ளங்கால் வழியாக வந்தது. உலகம்மாள் சொன்ன நெல்லிக்காய் தொண்டையில் வந்து உட்கார்ந்தது, நெஞ்செலும்பு விரிந்தது, பிழிந்த துணி கையிலிருந்து விழுந்தது. வடிவு துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று அந்த அழுகைக்குள்ளேயே ஒரு சந்தோஷம் துள்ளியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவருடைய முகத்தைத் தேடினாள்.

அங்கே அவர் இல்லை. சுங்குடிச் சேலை கட்டின ஒரு பெண்பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தலைமாட்டில் கிடந்த செல்போனைக் காட்டி, "ராசு லைன்ல இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருக்கான், இருக்கான் என்று யாரோ சொன்னார்கள். செல்போனில் ஒரு வாலிப முகம் பாதி வாய் திறந்தபடி அசையாமல் நின்றது. அந்தப் பெண்பிள்ளை அந்த முகத்தைத் தடவித் தடவிப் பேசினாள். அனுப்புகிற கம்பிதான் வாங்குகிற கம்பியும், ரேடியோவில் கால் வைத்த அன்றைக்கே வடிவு படித்த பாடம் அது. தெருவிலிருந்து தனக்குத் திரும்பி வருவது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டாள். அவளுடையதைத் தெரு அழுது தீர்த்துவிட்டது. மிச்சமிருந்தது தெருவுடையது.

"ராசு, ராசு" என்று அவள் வாய் அரற்றியது. சத்தம் கேட்டுப் பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்றைக்குப் பாதியில் நின்றுபோன துட்டியை விட்ட இடத்திலிருந்து தொடர்பவர்கள்போல ஒவ்வொருத்தியாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். "அழு மதினி, நல்லா அழு, கல்லு கரைஞ்சுட்டுல்லா" என்றார்கள். கேட்டுக்கு வெளியே வெயிலுமுத்து எல்லாருக்கும் டீ சொல்லி அனுப்பினார். தெருவுக்கே ஒரு பாரம் இறங்கின நிம்மதி.

"அண்ணாச்சி நெனப்பு வந்துட்டா மதினி?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"ஆமாட்டி" என்றாள் வடிவு.

கூட்டத்துக்குப் பின்னால் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தான். கண் வறண்டிருந்தது. அவன் பெண்களை விலக்கிக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"மதினி, அது எங்க அம்மல்லா? ராசுன்னு அவதான் என்னையக் கூப்பிடுவா."

"ஆமா தம்பி. சத்தங்காட்டாம இரு."

அவன் விழுந்து கிடந்த துணியை எடுத்துக் கல்லின்மேல் வைத்தான். வடிவு முன்பின் பார்த்திராத அந்தப் பெண்பிள்ளைக்காக மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உலகம்மாள் அவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பரமகுருவின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தானும் அழப் பார்த்தாள், அவளுக்கு வரவில்லை.